பதினோரு நாட்கள்

மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது. பென்யா அல்வா என்ற அந்த மலையூரில் நவம்பர் மழை அப்படித்தான்... மலை இடுக்கிலிருந்து காற்று அதைத் தள்ளிக்கொண்டு வரும். இசாவுராவின் குடை முதல் திருப்பத்திலேயே மடங்கி, இரண்டாவது திருப்பத்தில் வெறும் கம்பியானது. அதைக் குப்பைத் தொட்டியில் திணித்துவிட்டு, திறந்திருந்த முதல் கதவுக்குள் ஓடி நுழைந்தாள்.

சோப்பு வாசனை. பெரிய கண்ணாடி. சுழல் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்த ஒருவன் நிமிர்ந்து பார்த்தான்.

"ஆம்பளைங்களுக்கு மட்டும்தான் வெட்டுறது" என்றான்.

"நான் முடி வெட்ட வரல. மழை விடட்டும்னு வந்தேன்."

"அப்படியா... உங்க நெத்தி முடியப் பார்த்து, அவசர கேஸ்னு நினைச்சுட்டேன். யார் வெட்டினது?"

"நான்தான். ஏன்?"

"கத்திரிக்கோலோட சண்டையா?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. திருப்பிக் கொடுக்க வாயைத் திறந்தவள் அவன் கண்களைப் பார்த்தாள்.

போர்த்தோ நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் அவளுக்கு எட்டு வருடமாக வேலை. ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது ஜோடிக் கண்கள். எதையும் அவள் கண்களாகப் பார்ப்பதில்லை... லென்ஸ் பவர் எண்களாகத்தான் பார்ப்பாள். இந்தக் கண்களைப் பார்த்தபோது ஒரு எண்ணும் தோன்றவில்லை. மழை நின்ற பிறகு கல் தரையில் தங்கும் தண்ணீர் மாதிரி, சாம்பலும் வெளிச்சமுமாக...

'என்ன இப்படிப் பார்க்கிறேன்... சீ' என்று தலையைத் திருப்பிக்கொண்டாள்.

"உட்காருங்க. சரி பண்ணி விடறேன். ஊருக்கு வந்த விருந்தாளி இப்படிச் சுத்தினா எங்க கடைக்குத்தான் கெட்ட பேரு."

உட்கார்ந்தாள். அவன் இடது கையில் கத்திரிக்கோல் எடுத்தான். வலது கை கால்சட்டைப் பைக்குள்ளேயே இருந்தது.

"பைக்குள்ள கைய விட்டுக்கிட்டு முடி வெட்டுற முதல் ஆள் நீங்கதான். அவ்வளவு பெருமையா?"

அவன் சிரித்தான். கையை வெளியே எடுத்தான். முழங்கை வரை தோல் உருகி இறுகினாற்போல் பளபளத்தது. மூன்று விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. மிச்சமிருந்த இரண்டு விரல்களுக்கு நடுவே சீப்பைச் செருகிக்கொண்டு, "கண்ணை மூடுங்க, முடி விழும்" என்றான்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். வெட்கத்தில்.

"மன்னிச்சுடுங்க... தெரியாம சொல்லிட்டேன்."

"பரவால்ல. ரெண்டு வருஷம் ஆச்சு. தீயணைப்பு வண்டில இருக்கேன், தொண்டுக்கு. இந்த ஊர்ல பாதி ஆம்பளைங்க அதுலதான் இருக்காங்க."

இரண்டு வருடம். அவளுக்குள் ஏதோ ஒன்று அசைந்தது. எந்தத் தீ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இந்த மலைகள் ஒவ்வொரு கோடையிலும் எரிகின்றன... எத்தனையோ கைகள் வெந்திருக்கும் என்று சொல்லிக்கொண்டாள்.

அவன் பெயர் டெல்மோ.

* * *

மலை மேலிருந்த ஒரு நிலத்துப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு மறுநாளே திரும்ப வேண்டியவள். மழையில் மலைப்பாதை சரிந்து, நிலம் அளப்பவர் வர முடியவில்லை. ஒரு நாள் நான்கு நாளானது.

இரண்டாம் நாள் டெல்மோ காகிதப் பொட்டலத்தில் சுட்ட கஷ்கொட்டையோடு அவள் தங்கியிருந்த விடுதி வாசலில் நின்றான். "நெத்தி முடி எப்படி இருக்குன்னு பார்க்க வந்தேன். வேற ஒண்ணுமில்ல" என்றான். சூடான கொட்டையை அவனால் உரிக்க முடியவில்லை. அவள் உரித்துக் கொடுத்தாள். ஒன்று அவனுக்கு, ஒன்று அவளுக்கு... கடைசி ஒன்று யாருக்கு என்று இருவரும் தயங்கி, பிறகு சேர்ந்து சிரித்தார்கள். அவள் எப்போது 'நீங்க'விலிருந்து 'நீ'க்கு வந்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

மூன்றாம் நாள் நண்பகல். கடையில் ஒரு கிழவருக்குச் சவரம் நடந்துகொண்டிருந்தது. இசாவுரா ஜன்னலோரம் உட்கார்ந்து, பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். தீயணைப்பு நிலையக் கூரையில் சைரன் ஊளையிட்டது.

டெல்மோ கத்தியைக் கீழே வைத்தான். அவ்வளவுதான். ஆளைக் காணோம்.

பாதி முகத்தில் நுரையோடு இருந்த கிழவர் நிதானமாகப் பேப்பரைப் பிரித்தார். "போன மாசம் இந்தப் பக்கம் பாதியில விட்டான்மா. இன்னிக்கு அந்தப் பக்கம். கணக்கு சரியாப் போச்சு."

இரண்டு மணி நேரம் கழித்துச் சொட்டச் சொட்ட நனைந்து வந்தான். ஆற்றில் ஒரு கார் மாட்டிக்கொண்டதாம். உள்ளே தாயும் கைக்குழந்தையும். பிழைத்துவிட்டார்களாம்.

"இந்தக் கைய வச்சுக்கிட்டு அங்க போய் என்ன பண்ணுவே நீ?" இசாவுராவின் குரல் அவளை மீறி உயர்ந்தது.

"வண்டி ஓட்டுவேன். கயிறு கட்டுவேன். கத்துவேன். நல்லாக் கத்துவேன் தெரியுமா?"

"விளையாடாதே. போனது ஒரு கை. போதாதா? எதுக்காக டெல்மோ? யாருன்னே தெரியாதவங்களுக்காக..."

அவன் துண்டால் தலையைத் துவட்டினான். நெடுநேரம் துவட்டினான்.

"தெரியலையே... சைரன் கேட்டா கால் போயிடுது. மூளை பின்னாடிதான் வருது, மூச்சிரைக்க."

அவளுக்கு அழுகை வந்தது. 'இந்த ஆளுக்கு ஏதாவது ஆகிவிட்டால்...' என்று மனம் பதறிய அந்தக் கணத்தில்தான், தன் நிலைமை அவளுக்குப் புரிந்தது.

* * *

நான்காம் நாள் காலை, விடுதி நடத்தும் கித்தேரியா அக்கா காப்பியை வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். ஆறு வருடம் முன்பு பிரான்சிலிருந்து திரும்பியவள். பழைய ஆட்களை அவளுக்குத் தெரியாது. இசாவுராவும் தன் பெயரோடு அம்மா வீட்டுப் பெயரைத்தான் எழுதுவாள்.

"ஊரே பேசுது... டெல்மோவும் நீயும் ஜோடியாச் சுத்தறீங்களாமே."

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா."

"ஒண்ணுமில்லாததுக்கு எதுக்கு முகம் சிவக்குது? நல்ல பையன்மா. லிஸ்பன்ல பெரிய சலூன்ல வேலை பேசி வச்சிருந்தான். போட்டில கப்பெல்லாம் வாங்கினவன். அந்தக் கை வெந்துச்சு, எல்லாம் போச்சு. அதுவும் யாருக்காக? மலை மேல தனியாக் கிடந்தானே அந்த அடெலினோ, அந்தக் கிழவனுக்காக. காத்தடிக்கிற நாள்ல சருகக் கொளுத்தினதே அவன்தான்! காப்பாத்தப் போனவங்களத் திட்டித் துரத்தினானாம். அவனத் தூக்கிட்டு வந்து... எத்தனை நாள் இருந்தான்? பதினோரு நாள். ஒரு கையக் கொடுத்து பதினோரு நாள் வாங்கியிருக்கான் பைத்தியக்காரன். அந்தக் கிழவனுக்கு ஒரு பொண்ணாம். எட்டிக்கூடப் பார்க்கலையாம்."

இசாவுரா காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தாள்.

அடெலினோ அவள் அப்பா.

அம்மா நோயில் கிடந்தபோது, நகரத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்ப மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த அப்பா. அம்மாவை அடக்கம் செய்த மறுவாரம் பத்தொன்பது வயதில் அந்த வீட்டை விட்டு வந்தவள்தான்... திரும்பவேயில்லை. இரண்டு வருடம் முன்பு ஆகஸ்டில் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு நர்ஸ் கூப்பிட்டாள். "ஒரு தீயணைப்புக்காரர் தூக்கிட்டு வந்தாரு. உங்களைத்தான் கேட்டுக்கிட்டே இருக்காரு." இசாவுரா சொன்ன பதில் இன்னும் அவள் காதில் இருக்கிறது. "அந்த மனுஷனுக்கும் எனக்கும் சம்பந்தமில்லை." அடுத்த நாளும் கூப்பிட்டார்கள். அதற்கடுத்த நாளும். அவள் எடுக்கவில்லை. கடைசியாக எடுத்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

அந்த நாட்களை வாங்கிக் கொடுத்தது அந்தக் கை. அந்தக் கையைத்தான் அவள் கேலி செய்தாள். அந்த இரண்டு விரல்களுக்குத்தான் கஷ்கொட்டை உரித்துக் கொடுத்தாள்.

மதியப் பேருந்தில் ஏறிவிட்டாள். கையெழுத்துப் போடவில்லை. அவனிடம் சொல்லிக்கொள்ளவில்லை. கடையைத் தாண்டும்போது ஜன்னலுக்குள் அவன் யாருக்கோ தலை வாரிக்கொண்டிருந்தான்... அவள் குனிந்துகொண்டாள்.

* * *

ஏழு மாதம்.

நாற்பது கடிதம் எழுதிக் கிழித்தாள். நன்றி என்று எழுதினால் கேவலமாக இருந்தது. காதல் என்று எழுதினால் கடனைத் தீர்ப்பது போல இருந்தது. அவளே அதை நம்பாதபோது அவன் எப்படி நம்புவான்? கடையில் யாராவது சாம்பல் நிறக் கண்களோடு வந்தால், பரிசோதனையைத் தோழியிடம் தள்ளிவிட்டு உள்ளே போய்விடுவாள்.

ஜூனில் நகராட்சியிலிருந்து கடைசி நோட்டீஸ் வந்தது. நிலத்தைச் சுத்தம் செய்யாவிட்டால் அபராதம். இந்த முறை பென்யா அல்வாவில் இறங்காமல், வாடகைக் காரில் நேரே மலைக்குப் போனாள். யாரையும் பார்க்காமல் திரும்பிவிடலாம் என்று.

எரிந்த வீட்டில் நான்கு சுவர்கள் மட்டும் நின்றன. சுற்றிலும், தீக்குப் பிறகு முளைத்த தைலமரக் கன்றுகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அடுத்த தீக்குத் தயாராக. அதற்கு நடுவே குனிந்து, இடது கையால் ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தான் டெல்மோ.

கார் சத்தத்தில் நிமிர்ந்தான். மெலிந்திருந்தான்.

"திங்கக்கிழமை கடை லீவு" என்றான். மன்னிப்புக் கேட்பவன் போல. "இது வளர்ந்து தீப்பிடிச்சா கீழ இருக்கிற மூணு வீடும் போயிடும். நிலத்துக்காரங்க வர்றதா இல்ல... அதான்."

"நிலத்துக்காரி யாருன்னு தெரியுமா?"

"தெரியும். நீ போன மறுவாரம், நகராட்சி பலகையில பேரைப் பார்த்தேன்."

"தெரிஞ்சுமா புடுங்கறே?"

"நிலம் யாரோடதுன்னு பார்த்தா தீ வருது... கீழ் வீட்டுக்காரங்க என்ன பாவம் பண்ணினாங்க?"

வாசற்படியாக இருந்த கல்லில் உட்கார்ந்தாள். ஏழு மாதமாக எழுதிக் கிழித்ததெல்லாம் தாறுமாறாக வெளியே வந்தது. "எனக்கு போன் வந்துச்சு டெல்மோ. மூணு தடவ. நாலு மணி நேரப் பேருந்துதான்... நான் வரல. நீ கையக் குடுத்து வாங்கின நாளை, நான் அப்படியே குப்பையில போட்டுட்டேன். உன் முகத்த எப்படிப் பார்க்கிறது?"

அவன் சற்றுத் தள்ளி, அதே கல்லில் உட்கார்ந்தான்.

"நீ நினைக்கிற மாதிரி நான் பெரிய ஆள் இல்ல. அன்னிக்கு உங்கப்பா 'போங்கடா'ன்னு கத்தினதும் நாங்க போயிட்டோம். நானும்தான். வளைவு வரைக்கும் போயிட்டேன். அப்புறம்தான் இறங்கி ஓடி வந்தேன். அந்த அஞ்சு நிமிஷம் முன்னாடி வந்திருந்தா அவரும் பிழைச்சிருப்பாரு... என் கையும் இருந்திருக்கும். ஏன் இறங்கினேன்னு கேக்காதே. வண்டியில உட்கார முடியல, அவ்வளவுதான். வருத்தம் இல்லன்னும் சொல்ல மாட்டேன். தினம் காலையில சட்டைப் பொத்தான் போடும்போது அழுகையா வருது. பத்து நிமிஷம். அப்புறம் கடை திறக்கணும்."

காலடியில் கிடந்த கன்று ஒன்றை எடுத்து ஓரமாக வைத்தான்.

"ஆஸ்பத்திரியில அவருக்குப் பக்கத்துக் கட்டில் என்னோடது" என்றான். "கதவு திறக்கறப்பல்லாம் யாருன்னு கேப்பாரு. கண்ணு தெரியல, கட்டுப் போட்டிருந்தாங்க. நாலாம் நாள் என்னால முடியல. 'உங்க பொண்ணு வந்துட்டுப் போச்சு, நீங்க தூங்கிட்டிருந்தீங்க'ன்னு சொல்லிட்டேன்."

இசாவுரா அவன் பக்கம் திரும்பினாள்.

"'எப்படி இருந்தா'ன்னு கேட்டாரு. நான் உன்னைப் பார்த்ததே இல்லையே... 'குண்டா இருந்தா'ன்னேன். மஞ்சக் கோட்டு. 'ஓயாமப் பேசினா, நர்சம்மாக்கிட்ட சண்டை போட்டா'ன்னேன்."

"நம்பினாரா?"

"இல்ல. 'என் பொண்ணு அவ்வளவு பேச மாட்டாடா'ன்னாரு. ஆனா மறுநாளும் கேட்டாரு... 'இன்னிக்கு வந்தாளா, என்ன பேசினா'ன்னு. பொய்யின்னு தெரிஞ்சே கேட்டாரு. கடைசி நாள் வரைக்கும் சொன்னேன்."

அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அவன் தடுக்கவில்லை. சமாதானமும் சொல்லவில்லை.

வெகுநேரம் கழித்து, "என்னை மன்னிப்பியா?" என்றாள்.

"அது அவர்கிட்ட இருந்தது. என்கிட்ட இல்ல இசாவுரா... இருந்தா கொடுத்திருப்பேன்."

அவள் தலையாட்டினாள். அது அப்படித்தான் இருக்கும், இனி எப்போதும். அந்தத் தெளிவில்தான், நாற்பது கடிதத்திலும் எழுத முடியாததைச் சொல்ல அவளுக்குத் தைரியம் வந்தது.

"இது நன்றி இல்ல, டெல்மோ. நீ அவரை விட்டுட்டு வளைவு தாண்டிப் போயிருந்தாலும்... ரெண்டு கையும் நல்லா இருக்கிற டெல்மோ என் நெத்தி முடியக் கிண்டல் பண்ணியிருந்தாலும்... எனக்கு இப்படித்தான் ஆகியிருக்கும். உன்னை எனக்குப் பிடிச்சிருக்கு. ரொம்பப் பிடிச்சிருக்கு. லேட்டாச் சொல்றேன்... எனக்கு எல்லாமே லேட்டாத்தான் வருது."

அவன் தன் வெந்த கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு அவளைப் பார்த்தான். சாம்பலும் வெளிச்சமுமான அந்தக் கண்கள் தளும்பியிருந்தன.

"அவர் போன மறுநாள், சொல்றதுக்கு ஆள் இல்லாம தவிச்சுப் போயிட்டேன்" என்றான் மெல்ல. "'அந்த மஞ்சக் கோட்டுப் பொண்ணு இன்னிக்கு என்ன பண்ணியிருப்பா'ன்னு நானே யோசிச்சுக்கிட்டுக் கிடந்தேன். இல்லாத பொண்ணு... அவமேல எனக்கு அப்பவே ஆசை வந்துடுச்சு, இசாவுரா. இதை யார்கிட்டயும் சொன்னதில்ல."