இடது பட்டன்

எத்தனை முறை கழுவினாலும் தகடு அழுத்தும் பிரஸ்ஸை விட்டு அந்த வாடை போகவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தாயிற்று, சோப்புத் தூள் போட்டுக் கொதிநீர் அடித்தாயிற்று; அப்படியும் மூடி வைத்து மறந்துபோன கறியின் நாற்றம் தகடு வைக்கும் அச்சான டையின் இடுக்கிலிருந்து மெல்லக் கிளம்பி ஃபோர்மேனின் தொண்டை வரை இறங்கியது. சாப்பாட்டு நேரம். மெஷின்கள் ஓய்ந்திருந்தன, ஆட்கள் வெளியே போயிருந்தார்கள். அவர் மட்டும் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை.

போன வாரம் இந்த பிரஸ்ஸில்தான் அவருடைய மச்சினனின் இடது கை நசுங்கியது. மனைவியின் ஒரே தம்பி. வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான், கற்றுக் கொடுத்ததும் அவர்தான்.

கற்றுக் கொடுத்ததில்தான் வினையே. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இடமும் வலமுமாக இரண்டு பட்டன்கள் உண்டு. இரண்டையும் சேர்த்து அழுத்தினால்தான் மேலே நிற்கும் இரும்புப் பாளம் இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருக்கும்போது டைக்குள் போக மூன்றாவது கை ஏது? செய்தவன் மூளைக்காரன். நம் ஃபோர்மேன் அவனுக்கும் மேலே. எல்லா மெஷினிலும் இடது பட்டனை அழுத்தி, அதன் ஓரத்தில் ஒரு மர ஆப்பை அடித்துவிட்டார். அப்புறம் வலது கை மட்டும் போதும், இடது கை தகடு வைத்து எடுக்கும், உருப்படி கூடும், முதலாளி தோளில் தட்டுவார். "பயந்தா வேலைக்கு ஆகாதுடா, ரெண்டு நாள்ல கை பழகிடும்" என்று மச்சினனிடம் சிரித்துக்கொண்டே சொன்னது இதே வாய்தான்.

சாப்பாட்டுக்குப் பிறகு விசாரிக்க ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் வருகிறார். ஆப்பைப் பார்த்துவிட்டால் ஃபோர்மேனுக்கு வேலையும் போகும், ஜெயிலும் உண்டு. ஆப்பு இல்லையென்றால் தப்பு மச்சினன் தலையில் விழும், நஷ்டஈடு என்று சல்லிக்காசு வராது.

போன் அடித்தது. மனைவி.

"ஏங்க, அவங்க வந்தாச்சா?"

"இன்னும் இல்ல."

"தம்பி மோட்டுவளையையே பாத்துட்டுப் படுத்திருக்கான். நடந்தத மாமா சொல்லிடுவாருல்லக்கான்னு கேக்குறான். சொல்லிடுவீங்கல்ல?"

"சொல்றேன், வை."

வைத்த கையோடு கட்டிங் பிளேயரை எடுத்தார்.

முதல் மெஷினில் ஆப்பு சட்டென்று வந்தது. வெறும் மரம். அடுத்ததில் பிசுக்கென்று ஒட்டியது, நூலாக நீண்டது. கிரீஸ்தான் என்று சொல்லிக்கொண்டார். அதற்கடுத்ததைப் பிடித்ததும் பிளேயரின் பற்கள் உள்ளே அமுங்கின. மரம் அமுங்குமா? ஊறிப்போயிருக்கும். எண்ணெயில் ஊறாத சாமான் இங்கே எது? மஞ்சளாக ஒரு கொழுப்பு பிதுங்கி அவர் கட்டை விரலில் வழிந்தது. பேண்டில் துடைத்தார். துடைத்த இடம் நாறியது.

கடைசியாக மச்சினனின் மெஷின்.

இழுத்தார். வரவில்லை. முறுக்கி இழுத்தார். உள்ளே நரம்பு அறுவது போல ஏதோ தெறித்தது. வந்துவிட்டது. வெதுவெதுப்பாக. நுனியில் ஒரு நகம். நகத்துக்குள் கறுப்பு அழுக்கு.

எங்கே வீசினார் என்று அவருக்கே தெரியாது. குழாயடிக்கு ஓடி, வாந்தியெடுத்து, கையைச் சிவக்கும்வரை தேய்த்துக்கொண்டிருந்தபோது முதலாளியின் குரல் கேட்டது.

"ஃபோர்மேன்! மேடம் வந்துட்டாங்க."

இன்ஸ்பெக்டர் ஒரு நடுத்தர வயதுப் பெண்மணி. பிரஸ்ஸைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடந்தார். மூக்கைச் சுளிக்கவில்லை. அவருக்கு எந்த வாடையும் வரவில்லை போலிருந்தது.

"எப்படிங்க நடந்துச்சு?"

முதலாளி ஃபோர்மேனையே பார்த்தார். உண்மை நாக்கின் நுனி வரை வந்தது. கொழகொழவென்று அங்கேயே கிடந்தது. விழுங்கிவிட்டார்.

"கவனக்குறைவு மேடம். அவனே கைய உள்ள விட்டுட்டான்."

"ரெண்டு பட்டனையும் அழுத்தணுமே. கை எப்படி உள்ள போச்சு?"

"அவனே ஏதோ கோளாறு பண்ணியிருக்கான். எங்களுக்குத் தெரியாது."

"சரி. ஒரு தடவ ஓட்டிக் காட்டுங்க."

ஃபோர்மேன் இரண்டு உள்ளங்கைகளையும் பட்டன்கள் மேல் வைத்தார். இரும்பின் குளிர்ச்சி இல்லை. கொழகொழப்பு. ஈறு மாதிரி.

டையைப் பார்த்தார்.

ஒரு கை. மல்லாந்து கிடந்தது. கோணல் சுண்டுவிரல். மச்சினனுக்குப் பிறந்ததிலிருந்தே கோணல்.

"மேடம், உள்ள..."

"என்ன உள்ள? காலியாத்தானே இருக்கு. அழுத்துங்க."

கைகளை எடுக்கப் பார்த்தார். பட்டன்கள் விடவில்லை. உள்ளங்கைகளைச் சப்பி உள்ளே இழுத்தன. அவர் அழுத்தவில்லை. பாளம் இறங்கியது.

சதக்.

"நல்லாத்தானே வேலை செய்யுது," என்றார் இன்ஸ்பெக்டர். முதலாளி மூச்சு விட்டார்.

பாளம் ஏறியது. டையில் அதே கை. முழுசாக. புதுசாக. விரல்களை மெல்ல விரித்தது.

பாளம் இறங்கியது.

ஏறியது. கை விரிந்தது.

இறங்கியது.

ஃபோர்மேனின் உதட்டில் சூடாக எதுவோ தெறித்து வாய்க்குள் வழிந்தது. துடைக்க வழியில்லை. அவருடைய இரண்டு கைகளும் பட்டனில் இருந்தன.