வலது பக்கம் கேட்கவில்லை

"மூணாவது."

அவ்வளவுதான் சொன்னாள். சொல்லிவிட்டு, மழையில் நனைந்த பையிலிருந்து ஹெட்செட்டை எடுத்துக் கடை மேசைமேல் வைத்தாள். வைத்தாள் என்பது ஒரு மரியாதைக்கு. போட்டாள்.

கம்ப்யூட்டரின் முதுகில் பச்சையும் ரோஸுமாக இரண்டு ஓட்டைகள் இருந்த காலம் அது. பச்சையில் செருகினால் கேட்கலாம், ரோஸில் செருகினால் பேசலாம். மாற்றிச் செருகிவிட்டுச் சண்டைக்கு வருகிறவர்களால்தான் அந்தக் கடையே பாதி ஓடியது. கடைக்காரனுக்கு இருபத்தேழு வயது. ஒல்லி என்றால் அப்படியொரு ஒல்லி. தெருவே அவனை 'ஒயர்' என்றுதான் கூப்பிடும்.

ஒயர் நிமிர்ந்து பார்த்தான். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட இமைகள்... அதற்குக் கீழே, கோபத்தையும் தாண்டிப் பளபளத்த இரண்டு கண்கள்... துடைத்துக்கொள்ள ஏதாவது கொடுக்க நினைத்துக் கையை நீட்டினான். அகப்பட்டது மானிட்டர் துடைக்கும் துணி. அதைக் கொடுத்தும் தொலைத்தான்.

"வலது பக்கம் கேக்கல. மொத ரெண்டும் இதே கதைதான். எங்கேர்ந்துங்க பிடிக்கிறீங்க இந்தச் சரக்கை?"

"மூணுமே வலது பக்கமா? உங்க கம்ப்யூட்டருக்கு என் மேல ஏதோ கோபம் போல..."

"சிரிக்காதீங்க. எனக்கு வேலை போயிடும்."

அவள் வீட்டிலிருந்து டைப் அடிக்கிறவள். ஒரு டாக்டர் நோயாளிகளோடு பேசுவதை இரண்டு மைக்கில் பதிந்து அனுப்புவார்கள். டாக்டர் குரல் இடது பக்கம் வரும், நோயாளி குரல் வலது பக்கம்.

"எங்கே வலிக்குதுன்னு டாக்டர் கேக்கிறார். எங்கேன்னு மட்டும் எனக்குத் தெரியவே மாட்டேங்குது" என்றாள்.

அவன் சிரிப்பை விழுங்கிக்கொண்டு, கடைக் கம்ப்யூட்டரில் ஹெட்செட்டைச் செருகினான். "மைக்கில ஏதாவது பேசுங்க, பார்ப்போம்."

"ஒன்னு... ரெண்டு... மூணு... மூணு வித்த பிறகும் சிரிக்கிற மனுஷனை இப்பத்தான் பார்க்கிறேன்."

போட்டுக் கேட்டான். இரண்டு காதிலும் கணீரென்று விழுந்தது. சோதனைப் பதிவுகளை உடனே அழித்துவிடுவது அவன் வழக்கம். இதை அழிக்கக் கை வரவில்லை.

"சரக்குல குத்தமில்லைங்க. வீட்டுக்கு வந்து பார்க்கணும்."

மறுநாள் காலை போனான். மாடி வீடு. ஜன்னலோரம் கம்ப்யூட்டர், அதற்கு அளவெடுத்துத் தைத்த பூப்போட்ட உறை. பக்கத்தில் சாய்வு நாற்காலியில் அவள் அப்பா, நாற்பது வருஷம் துணி வியாபாரம் செய்து ஓய்ந்தவர், பேப்பருக்குப் பின்னால் இருந்தார். அவள் காபி போட உள்ளே போக, ஒயர் திரையில் ஒலி அளவுப் பெட்டியைத் திறந்தான்.

இடது பக்கப் புள்ளி உச்சியில் இருந்தது. வலது பக்கப் புள்ளி தரையோடு தரையாக.

"இதை யாரு..." என்று திரும்பினான். பெரியவர் உதட்டில் விரலை வைத்துக்கொண்டு பின்னாலேயே நின்றார்.

"நான்தான் தம்பி. வலது காது போயி ரெண்டு வருஷமாச்சு. விடியக்காலைல அவ எழுந்திரிக்கிறதுக்குள்ள ரெண்டு பழைய பாட்டு கேப்பேன். கேக்காத காதுக்கு எதுக்குச் சத்தத்தை வீணாக்கணும்?"

விரற்கடைத் துணிகூட வீணாக்காத கை. சத்தத்தையும் அப்படியே வெட்டியிருந்தது.

"அவங்ககிட்ட சொல்லிடலாமேங்க?"

"சொன்னா அவ்வளவுதான். அப்பாவை யாரு பார்த்துப்பான்னு இங்கேயே உட்கார்ந்திடுவா. கல்யாணப் பேச்சே எடுக்க முடியாது. வாயை மட்டும் திறந்திடாதீங்க."

காபி வந்தது. "என்ன கோளாறு?" என்றாள்.

ஒயர் பெரியவரைப் பார்த்தான். அங்கே பேப்பர்தான் தெரிந்தது.

"ஒயர்ல ஒரு லூஸ் கனெக்ஷன்... என் தப்புதான்."

"நேத்து சரக்குல குத்தமில்லன்னீங்க?"

"நேத்து... தப்பாச் சொல்லிட்டேன்."

வியாபாரி மகள் அல்லவா. சாயம் போகாது என்று சத்தியம் செய்து விற்ற துணியைப் பார்ப்பதுபோல அவனைப் பார்த்தாள்.

கிளம்பும்போது பெரியவரின் இடது காதில், "பாட்டு முடிஞ்சதும் ரெண்டையும் சமமா வச்சிடுங்க" என்று கிசுகிசுத்தான். அவர் தலையாட்டினார். ஆட்டியதோடு சரி.

அடுத்த வாரம் போன் வந்தது. அதற்கடுத்த வாரமும். ஒயர் ஒரு தடவை தூசி என்றான், ஒரு தடவை ஈரக்காற்று என்றான். ஐந்து வினாடி வேலைக்கு அரை மணி நேரம் ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "பேசாம இங்கேயே ஒரு கிளை திறந்திடுங்க" என்பாள். சர்க்கரை குறைவாகப் போட்டுத்தான் குடிப்பேன் என்று அவன் சொல்லவேயில்லை, மூன்றாவது வாரத்திலிருந்து காபி அப்படித்தான் வந்தது...

"ஏண்டா ஒயரு, தொழில் மறந்துபோச்சா, இல்ல மறந்தா நல்லதுன்னு தோணிடுச்சா?" என்றாள் பக்கத்துக் கடை ஜெராக்ஸ் அக்கா. அவன் காதில் விழாத மாதிரி இருந்துகொண்டான்.

ஐந்தாவது வாரம் சிரிப்பில்லை. மதியத்துக்குள் அனுப்ப வேண்டிய பதிவில் ஒரு பதில்கூட அவளுக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை இப்படி ஆனால் வேறு ஆள் பார்த்துக்கொள்வோம் என்று சொல்லிவிட்டார்களாம். அவன் வந்தபோது வாசலிலேயே நின்றாள்.

"தொழில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாம். வாராவாரம் ஒரு பொய். உங்களை... நல்லவர்னு நினைச்சேன். இனிமே வராதீங்க."

அவள் தோளுக்குப் பின்னால் பெரியவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு வார்த்தை போதும். ஒரே ஒரு வார்த்தை சொன்னால் அவள் முகம் மாறிவிடும்... நாக்கு நுனிவரை வந்தது. பெரியவரின் கை கதவுச் சட்டத்தை இறுகப் பிடித்திருந்ததைப் பார்த்தான். ஸ்க்ரூட்ரைவரைப் பைக்குள் போட்டுக்கொண்டு படியிறங்கினான்.

தெருவில் தூறல். குடை இருந்தும் விரிக்கத் தோன்றவில்லை.

ஒன்பது நாள். கடை போன் அடிக்கும்போதெல்லாம் ஓடினான். யார் யாரோ பேசினார்கள். கடையில் ஆளில்லாத நேரத்தில் அந்தப் பழைய பதிவைப் போட்டுக் கேட்டான். ஒன்னு... ரெண்டு... மூணு... திட்டுதான். ஆனாலும் அவள் திட்டு.

பத்தாம் நாள் மாலை, மேசைக்கு எதிரில் வந்து நின்றாள். அதே நனைந்த பை. அதே இமைகள். இந்தத் தடவை ஈரம் மழையினால் மட்டும் இல்லை.

"அப்பா சொல்லிட்டாரு."

அவன் எழுந்து நின்றான். "எப்படி இருக்கார்?"

"நான் அழுதேன். அவர் பேப்பர் படிச்சார். நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம்." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "மொத வாட்டி நெசமாவே மறந்தாராம். அப்புறம் வேணும்னேதான் விட்டாராம். 'துணியை நாலு தடவை இழுத்துப் பார்க்காம எடுக்கலாமா? உன் வேலைக்கே உலை வைக்கும்னு தெரியாம போச்சு. ஆனா அந்தத் தம்பி கிழியலம்மா'ன்னாரு."

"வேலை...?"

"எல்லாத்தையும் திரும்ப அடிச்சுக் கொடுத்துட்டேன். யாருக்கு எங்கே வலிக்குதுன்னு இப்ப நல்லாத் தெரியுது." நிமிர்ந்தாள். "ஏன் சொல்லல?"

"அது அவர் சரக்கு. நான் எப்படி விக்க முடியும்?"

"என்கிட்ட உங்க பேர் கெட்டா பரவாயில்லையா?"

"பரவாயில்லைன்னு யார் சொன்னது..." அவன் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினான். "ஒன்பது நாளா இந்த போனைத் தவிர வேற எதையும் பார்க்கல. மூணு மானிட்டர் ரிப்பேருக்கு வந்து அப்படியே கிடக்கு."

அவள் ஹெட்செட்டை எடுத்து மேசைமேல் வைத்தாள். இந்தத் தடவை உண்மையாகவே வைத்தாள்.

"மைக் சரியா இருக்கான்னு பார்க்கணும்."

பச்சையைப் பச்சையில், ரோஸை ரோஸில் அவளே செருகினாள். மைக்கை உதட்டருகே இழுத்தாள். காது மடல் சிவந்திருந்தது.

"ஒன்னு... ரெண்டு... மூணு... இந்தக் கடைக்காரருக்குப் பொய் சொல்லத் தெரியல. ஆனா ரகசியத்தைக் காப்பாத்தத் தெரியுது. அதனால... எனக்கு இவரைப் பிடிச்சிருக்கு."

கழற்றி அவன் தலையில் மாட்டிவிட்டாள். ஒயர் போட்டுக் கேட்டான். மழைச் சத்தத்தோடு, இரண்டு காதும் நிறைய...

"கேட்டுதா?" அவள் குரலே எழும்பவில்லை.

அவன் முகத்தை வெகு சிரத்தையாக வைத்துக்கொண்டான். "வலது பக்கம் சரியாக் கேக்கல. இன்னொரு தடவை சொல்லுங்க."

வருஷங்கள் போய்விட்டன. பச்சை, ரோஸ் ஓட்டைகளைத் தேட வேண்டிய காலம் இது. அந்த ஹெட்செட் மட்டும் கடை ஆணியில் தொங்குகிறது. பழசு தேடி வருகிறவர்கள் விலை கேட்பார்கள்.

"அது ரிப்பேருங்க" என்பான் ஒயர். இப்போது அவ்வளவு ஒல்லியில்லை.

உள்ளே டைப் அடிக்கும் சத்தம் ஒரு நொடி நிற்கும்.

"என்னங்க, இன்னுமா வலது பக்கம் கேக்கல?"

"கேக்கலையே" என்பான், கூசாமல்.