திருப்புலி என்று ஒரு ஃபைல்

சந்தை விளம்பரம் முடிந்த பிறகும் யாரோ மூச்சு விட்டார்கள்.

சசிதரன் ஹெட்போனைக் கழற்றிச் சுற்றிப் பார்த்தான். மலை ஊரான செம்மேட்டில் அவனுடைய ரெக்கார்டிங் சென்டர் என்பது, முட்டை அட்டை ஒட்டிய ஒரு அறை, ஒரு மைக், ஒரு கம்ப்யூட்டர். மூச்சு விட அவனைத் தவிர ஆளில்லை. மறுபடி மாட்டினான். பேளுக்குறிச்சி சந்தையில் மிளகுக்கு நல்ல விலை என்று அவன் குரலே கூவியது. அதற்கு அடியில், ஓட்டு மேல் விழும் மழையோடு மழையாக, சட்டியில் அகப்பை உரசும் சத்தம்.

அந்தச் சத்தம் அவனுக்குத் தெரியும். பெரியவர் காளியண்ணன் கொண்டுவந்த கேசட்டில் இருந்தது. டேப் ரெக்கார்டரின் பட்டனை யாரோ தெரியாமல் அமுக்கியதில், அவர் மனைவி அத்தாயி சமைத்துக்கொண்டே அவரைச் சாப்பிடக் கூப்பிட்டது பதிவாகியிருந்தது. அவள் செத்த பிறகு, அதைப் போட்டுக் கேட்டால்தான் பெரியவருக்குச் சோறு இறங்கும். கம்ப்யூட்டரில் ஏற்றி முடிக்கும்போது நாடா சிக்கி நைந்துபோனது. கவலைப்படாதீங்க, கம்ப்யூட்டர்ல ஏறிட்டா சாவே கிடையாதுங்க என்று சசிதரன் சொன்னான். இன்று சாயங்காலம் வந்து சிடி வாங்கிக்கொள்ளச் சொல்லியிருந்தான்.

மலையில் ஆளிடம் பேர் கேட்டால், தன் ஊர் சேர்ந்த நாட்டின் பேரைத்தான் சொல்வார்கள். பெரியவர் திருப்புலி என்றார்; ஃபைலுக்கு அந்தப் பேர். மிளகு வியாபாரி அனுப்பிய ஆளும் திருப்புலி என்றான். அந்த விளம்பரத்துக்கும் அதே பேர். 'இதே பேரில் ஒன்று இருக்கிறது, அழித்து எழுதவா' என்று சாஃப்ட்வேர் கேட்டிருக்க வேண்டும். நச்சுப் பிடித்த கேள்வி என்று 'இனி கேட்காதே' கட்டத்தில் டிக் போட்டு வைத்தது சசிதரன்தான். படித்த பையன்.

அத்தாயியின் மேல் மிளகைக் கொட்டியாகிவிட்டது.

உண்மையைச் சொல்லலாம். மற்ற வழியெல்லாம் தீர்ந்த பிறகு சொல்லலாம். பெரியவருக்குக் காது கொஞ்சம் மந்தம். கதவைச் சாத்தி, தொண்டையைச் சுருக்கி, மைக்கில் பெண் குரலில் பேசினான்.

"ஏனுங்க, சோறு ஆறுதுங்க. வாங்க."

அதே பேரில் சேவ் கொடுத்தான். கம்ப்யூட்டர் எதுவும் கேட்கவில்லை.

போட்டுக் கேட்டான். ஈர விறகு சீறியது, ஊதுகுழலில் நீளமாக ஒரு மூச்சு போனது, புகையில் ஒருத்தி மூக்கை உறிஞ்சினாள், முழங்கை வரை ஏறியிருந்த வளையல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக மணிக்கட்டுக்கு இறங்கின, பிறகுதான் அவசரமே இல்லாமல் அவள் கூப்பிட்டாள். அவன் குரல் அதில் எங்கேயும் இல்லை. அறைக்குள் சாமைச் சோற்றின் ஆவி. புகை. கண் எரிந்தது.

நிறுத்தினான். அகப்பை நிற்கவில்லை.

கதவு தட்டும் சத்தம். மூடுபனியோடு காளியண்ணன் உள்ளே வந்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"ஆச்சா சாமி?"

சொல்லிவிடுவது என்று வாயைத் திறந்தான். அழிஞ்சிருச்சுங்க. ஒரே வார்த்தை.

"ஏனுங்க," என்றது அவன் வாய். "சோறு ஆறுதுங்க."

வாயைப் பொத்திக்கொண்டான். கையில் வளையல் இல்லை. சத்தம் இருந்தது.

பெரியவர் அசையாமல் பார்த்தார். பிறகு, தாமதமாக வந்தவர் வழக்கமாகத் திட்டு வாங்கும் முகத்தோடு தலையைக் குனிந்துகொண்டார்.

"வந்துட்டேன் புள்ள. மழை புடிச்சுக்கிச்சு."

குடையைத் திரும்ப விரித்தார். அவன் மணிக்கட்டைப் பிடித்தார்.

"வா, ஊட்டுக்குப் போலாம்."

நான் சசிதரன் என்று கத்த நினைத்தான். பேர் வரவில்லை. தேடினான். திருப்புலி. இன்னும் உள்ளே தேடினான்.

திருப்புலி.

கால்கள் நடந்தன. வாசலில் தலை மட்டும் திரும்பியது. ஆளில்லாத அறையில், யாரும் சேவ் கொடுக்காத திரையில், சேவ் ஆவதைக் காட்டும் நீலக் கோடு ஒன்று இடமிருந்து வலமாக நகர்ந்துகொண்டிருந்தது. பாதி நிறைந்திருந்தது.

அழித்து எழுதவா என்று அவனை அது கேட்கவே இல்லை.