கெட்டிமேளத்துக்குச் சேர்த்த சத்தம்

மயிலாத்தாவின் பட்டறையில் ஸ்பானரைக் கீழே வைப்பதற்கும் ஒரு முறை உண்டு. தரையில் விரித்த கம்பளித் துண்டின் மேல், தூங்கும் குழந்தையைக் கிடத்துவது போல் வைக்க வேண்டும். சுத்தியலுக்கு ரப்பர்த் தலை. கதவுக் கீலுக்குத் தினமும் எண்ணெய். காலையில் பட்டறையைத் திறந்ததும் சிவநேசன் செய்யும் முதல் வேலை, தெருமுனையில் சத்தத்தை அளக்கும் செவித்தூணில் பட்டறையின் ஒலிப்பங்கு எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது. அன்று பார்த்தபோது ஒன்றுமே இல்லை. துடைத்துவிட்டது போல் கிடந்தது.

ஒலிப்பங்குச் சட்டம் வந்து ஒரு தலைமுறை ஆகிவிட்டது. ஹாரனும் ஒலிபெருக்கியும் பாதி ஊரைச் செவிடாக்கிய பிறகு, கோவை மாநகரம் விழித்துக்கொண்டு வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று சத்தத்தை அளந்து கொடுத்தது. செவித்தூணின் கோட்டுக்குக் கீழே பேசலாம், பாடலாம், சண்டையும் போடலாம். கோட்டைத் தாண்டினால் மாதப் பங்கு கரையும்; தாண்டாவிட்டால் மிச்சம் சேரும். பங்கே இல்லாமல் தாண்டினால் வீட்டுக்கு அபராதம், பட்டறைக்குப் பூட்டு. நல்ல சட்டம்தான், குறை சொல்ல முடியாது. பீளமேட்டில் ஒரு குயில் கூவினால் நாலு தெருவுக்குக் கேட்கிறது. பழைய ஸ்போர்ட்ஸ் கார்களைப் பழுது பார்க்கும் ஒரு பெண்ணுக்குத்தான் அது ஒத்துவரவில்லை.

அந்தப் பெண், மயிலாத்தா, சிவநேசனின் அண்ணன் மனைவி. அண்ணனுக்கு வண்டி என்றாலே தலைவலி. அவர் சமையலோடு சரி. பட்டறைக்கு வரும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்னிதயம் பொருத்துவார்கள். உறுமல் வேண்டும் என்பவருக்கு, அவர் காதுக்குள் மட்டும் ஒலிக்கும் செவிமணி ஒன்று. அது சிவநேசன் பார்க்கும் வேலை. எஞ்சின் என்றால் அண்ணி.

மூன்று வருடமாக அவர் ஒரே ஒரு காரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். இத்தாலியில் நூறு வருடத்துக்கு முன்னால் செய்த சிவப்பு நிற இரண்டிருக்கைக் கார். ஆறு சிலிண்டர், மூன்று கார்புரேட்டர். குன்னூர்க்காரர் ஒருவர் கொண்டுவந்து விட்டுவிட்டு, "எஞ்சின் அதோடதாவே இருக்கணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். பிஸ்டனை அண்ணியே வார்த்தார். வால்வைக் கடைசலில் தானே கடைந்தார். பெட்ரோல் எங்கே கிடைக்கிறது? பாசியெண்ணெய்க்கு ஏற்றபடி குழாய்களையெல்லாம் மாற்றினார். பிரேக்கைப் புதிதாக்கினார். எதை மாற்றினாலும் பார்வைக்குப் பழையதாகவே நின்றது கார். அந்தக் கைகளைப் பார்த்துக்கொண்டே சிவநேசன் பல நாள் தன் வேலையைக் கோட்டைவிட்டிருக்கிறான்.

முந்தாநாள்தான் முதல் முறையாக ஸ்டார்ட் செய்தார்கள். மெதுவாக ஓடவிட்டு, மாதப் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் செலவழித்து, மூன்று கார்புரேட்டரையும் ஒரே சீராகக் கொண்டுவருவது திட்டம். எஞ்சின் பிடித்துக்கொண்டது. அந்த நொடியில் அண்ணிக்கு என்ன ஆனதோ, கார்புரேட்டர் மேலிருந்த ஆக்சிலேட்டர் தண்டைக் கையால் ஒரே முறுக்காக முறுக்கிவிட்டார். தெருவே அதிர்ந்தது. மொத்தப் பங்கும் அந்த ஒரு உறுமலில் போய்விட்டது. திட்டுவதற்கு வாயெடுத்த சிவநேசன், அண்ணியின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டான். அவ்வளவு சந்தோஷத்தை அந்த முகத்தில் அவன் பார்த்ததில்லை.

இன்று மத்தியானம், பழைய வண்டிகளுக்குச் சான்றிதழ் தரும் மரபூர்தி அதிகாரி வருகிறார். சோதனைக்கு மட்டும் அவருடைய பங்கில் எஞ்சினை ஓட்டலாம். சீராக ஓடினால் சான்றிதழ். இருமித் திக்கினால் எஞ்சினைக் கழற்றி உலைக்கு அனுப்பிவிட்டு, மின்னிதயம்தான் வைக்க வேண்டும். ஒலியடைப்பு அறை மாநகராட்சியிடம் ஒன்றுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த வருடம்வரை இடமில்லை.

"நானே கெடுத்துப் போட்டனுங்க தம்பி" என்றார் மயிலாத்தா. "மூணு வருச வேலைய ஒரு முறுக்குல கெடுத்துப் போட்டேன்."

"பக்கத்து வீட்ல இன்னைக்குக் கல்யாணமுங்க அண்ணி" என்றான் சிவநேசன்.

"அதுக்கு?"

"கெட்டிமேளத்துக்கு அவிங்க பங்கத் தொறந்து வெப்பாங்கல்ல? ஒரே நேரத்துல வர்ற சத்தத்தத் தூணு பிரிச்சுப் பாக்காது. மேளத்தோட சேத்து நாம ஓட்டிக்கலாம். அவிங்களுக்கும் நட்டமில்ல."

அண்ணி ஒரு துண்டு ரப்பர்க் குழாயை எடுத்துக் காட்டினார். ஒரு முனை கார்புரேட்டர் வாயில், மறு முனை காதில். உள்ளே போகும் காற்றின் சீறலைக் கேட்டுத்தான் மூன்றையும் ஒன்றாக்க வேண்டும். "மேளத்துக்குள்ள இந்தச் சீறல் எப்படிங்க கேக்கும்?"

கேட்காதுதான். ஆனால் வேறு வழியும் இல்லை.

சிவநேசன் கல்யாண வீட்டுக்குப் போய்த் தயங்கித் தயங்கிக் கேட்டான். மணப்பெண்ணின் அம்மா ருக்குமணியக்கா முறைத்தார். "ஆறு வருசமா வாய்விட்டுச் சிரிக்காமச் சேத்த சத்தமுங்க தம்பி இது. பண்டிகைக்கு ஒரு வெடி வெச்சதில்ல. உங்க வண்டி நடுவுல உறுமுனா நல்லாவா இருக்கும்?"

உள்ளேயிருந்து பூவும் நகையுமாக மணப்பெண் பவளக்கொடி எட்டிப் பார்த்தாள். "ஓட்டிக்கட்டும் விடும்மா."

பந்தல் தெருவிலேயே போட்டிருந்தார்கள். பட்டறைக் கதவைத் திறந்தால் மணமேடை நேரே தெரியும். காருக்குள் சாவியில் கைவைத்துச் சிவநேசன் உட்கார்ந்திருந்தான். மாப்பிள்ளை தாலியை எடுத்தார். தவில்காரர் இரண்டு கையையும் ஓங்கினார். கெட்டிமேளம் இடியாய் இறங்கியது. சிவநேசன் சாவியைத் திருப்பினான்.

எஞ்சின் ஓடியது அதன் நடுக்கத்தில்தான் தெரிந்தது. மயிலாத்தா குழாயைக் காதில் அழுத்தி, திருகைத் திருப்பி, அடுத்ததற்கு மாறி, மறுபடி முதலாவதற்கே வந்தார். உதட்டைக் கடித்துக்கொண்டு இல்லை என்று தலையாட்டினார். ஒன்றும் கேட்கவில்லை. அவர் கண் நிரம்பியது.

முதல் முடிச்சு விழுந்தது. அடுத்த இரண்டு முடிச்சையும் போட நாத்தனார் குனிந்தாள். அப்போது பவளக்கொடி, குனிந்த தலை நிமிராமலே, தவில்காரர் பக்கம் உள்ளங்கையை உயர்த்தினாள்.

மேளம் நின்றது.

அட்சதையோடு உயர்ந்த கைகள் அப்படியே நின்றன. தெருவில் எஞ்சின் மட்டும் கேட்டது. முதலில் திக்கித் திக்கி. மயிலாத்தா கண்ணை மூடிக்கொண்டார். ஒரு திருகில் கால் சுற்று, இன்னொன்றில் அதிலும் பாதி. ஆறு சிலிண்டரும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொண்டது போல், திக்கல் கரைந்து ஒரே குரலாயிற்று. இரண்டாம் முடிச்சும் மூன்றாம் முடிச்சும் அந்தக் குரலில்தான் விழுந்தன. சிவநேசன் அழுதுகொண்டே எஞ்சினை நிறுத்தினான். அதன் பிறகுதான் அட்சதை விழுந்தது.

மத்தியானம் வந்த அதிகாரி, ஓடும் எஞ்சின் மேல் ஒரு டம்ளர் தண்ணீரை வைத்துப் பார்த்தார். தண்ணீர் அலுங்கவில்லை. சான்றிதழைக் கொடுத்துவிட்டு, காரை இன்னொரு முறை சுற்றிப் பார்த்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ருக்குமணியக்கா மகளையும் கூட்டிக்கொண்டு, தூக்குப்போசியில் பாயசத்தோடு வந்தார். மயிலாத்தா எழுந்து பவளக்கொடியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"வாழ்க்கைல ஒருக்கா வர்ற மேளமாச்சே கண்ணு. எதுக்கு நிறுத்துன?"

"மேளம் எல்லாக் கல்யாணத்துலயும் இருக்குதுங்கக்கா. முந்தாநாளு நீங்க ஒரு முறுக்கு முறுக்குனீங்களே, அப்ப நான் அடுப்படில நின்னுட்டிருந்தேன். உடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சு. இன்னொருக்கா கேக்க மாட்டமான்னு இருந்துச்சு."

மயிலாத்தா திரும்பினார். ருக்குமணியக்காவைப் பார்த்தார். "மேளத்த நடுவுல நிறுத்திப் போட்டாங்கன்னு ஊரு பேசுமுங்களே அக்கா."

ருக்குமணியக்கா போசியின் மூடியைச் சத்தம் வராமல் திறந்தார்.

"பேசட்டும். மெதுவாத்தான பேசியாகணும்."