குளத்திலிருந்து மேட்டுக்கு

அன்று மாலை சாலமாண்டர்கள் குளத்திலிருந்து வந்துகொண்டிருந்தன.

மார்ச் கடைசியில், வெர்மாண்டின் முதல் வெதுவெதுப்பான மழை விழுந்ததும், மேட்டுக்காட்டு மண்ணுக்குள் குளிர்காலத்தைக் கழித்தவை சாலையைக் கடந்து குளத்தில் இறங்கி முட்டையிடும். கார்ச் சக்கரத்தில் நசுங்கிவிடாமல் ஊரார் அவற்றைக் கையில் எடுத்து மறுபக்கம் விடுவார்கள். எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம்தான். திருப்பி விடுவதில்லை.

கொரின் பதினோராவதையும் மேட்டுப் பக்கம் விட்டாள். பல்லி போன்ற கரிய உடம்பில் மஞ்சள் புள்ளிகள். கையில் குளத்து அடிச்சேற்றின் வாடை. மேட்டில் இருந்தது அவள் வீடு மட்டுமே. கதவைப் பூட்டிக்கொள்ளச் சொல்லி, எட்டு வயது மகள் ஹேசலை விட்டுவிட்டு வந்திருந்தாள். இனி அவளுக்கென்று இருப்பது அந்தப் பிள்ளைதான்.

"குளத்துக்குப் போக வேண்டியதெல்லாம் மேட்டுக்குப் போகுது. இதுங்களுக்குத் தூக்கமே கலையல போல. வெஸ்லி இருந்தா ஒவ்வொண்ணையும் நிறுத்தி, எங்க போறேன்னு கேட்டிருப்பான்," என்றார் பக்கத்துப் பண்ணை ஹாலிஸ். பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"பரவால்ல ஹாலிஸ். சொல்லுங்க."

"பனிக்கட்டி உடைஞ்சிருச்சும்மா. நாளைக்குப் படகு இறக்குறாங்க. கிடைச்சிருவான்."

ஜனவரியில் பனிக்கட்டி பிளந்து குளத்துக்குள் போன அவள் கணவன் வெஸ்லியின் உடல் இன்னும் அகப்படவில்லை.

வளைவில் கார் வெளிச்சம் தெரிந்தது. அதை நிறுத்த ஹாலிஸ் கைவிளக்கை ஆட்டியபடி நடந்தார்.

அவர் காலடி ஓசை தேய்ந்து, கோட்டின் மீது மழை தட்டுவதும், இருளுக்குள் நூற்றுக்கணக்கான தவளைகள் வாத்துக் கூட்டம் போலக் கத்துவதும், கரையோரம் உடைந்த பனிக்கட்டிகள் ஒன்றையொன்று உரசுவதும் மட்டும் கொரினின் காதில் நிறைந்திருந்தபோது, தவளைகள் ஒரே சமயத்தில் வாயை மூடிக்கொண்டன.

நீர் சொட்டும் ஓசை. மழையைவிடக் கனமாக. அவளுக்குப் பின்னால் சாலையைக் கடந்து போயிற்று.

திரும்பினாள். நெற்றி விளக்கின் வெளிச்சத்தில், தாரின் மேல் ஒரு பூட்ஸ் தடம். சேறு. பாசி. அடுத்த தடம். எல்லாம் மேட்டை நோக்கி. அவற்றுக்கு நடுவே ஊர்ந்துகொண்டிருந்தன சாலமாண்டர்கள்.

ஓடினாள். வழுக்கியது. விழுந்தாள். எழுந்தாள்.

வீட்டுக் கதவு திறந்திருந்தது.

வாசல் விளக்கடியில், இரவு உடையில் ஹேசல். உள்ளே போ என்று கத்த வாய் திறந்தாள் கொரின்.

ஹேசல் இரண்டு கைகளையும் மழையில் நீட்டி நனைத்துக்கொண்டிருந்தாள். சாலமாண்டரின் குளிர்ந்த தோலை வறண்ட கையால் தொட்டால் அதற்கு வலிக்கும் என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவன் வெஸ்லி. விரலிடுக்குகள் வரை பொறுமையாக நனைத்தாள்.

"இப்ப வலிக்காது, அப்பா," என்றாள்.

பிறகு, விளக்கு வெளிச்சம் எட்டாத கீழ்ப்படியில் நின்றதை அண்ணாந்து பார்த்து, தூக்கிக்கொள்ளச் சொல்லி இரு கைகளையும் உயர்த்தினாள்.