நேரில் கண்டு வரைந்தது

ஓவியக் கித்தானின் பின்புறம், இடது கீழ்மூலையில் பதிந்திருந்த கட்டைவிரல் ரேகை அவள் விரலில் ஒட்டிக்கொண்டது.

ஓவியரின் மகள் விரலை மேசைவிளக்கின் அருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். கருநீலம். அதிலிருந்து ஆளிவிதை எண்ணெயின் மணம் எழுந்தது. தந்தை மறைந்து பதினோராண்டுகள் ஆகின்றன. வண்ணத்தை எத்தனை தடிப்பாக அப்பியிருந்தாலும் இதற்குள் கல்லாய் இறுகியிருக்க வேண்டும். மழைக்காலத்துக் கசிவாக இருக்கும் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டு துணியில் துடைத்தாள். சாயம் போகவில்லை.

படத்தை அரைமணி நேரத்துக்கு முன் கொண்டுவந்து வைத்தவன் அவள் தம்பி.

“அப்பாவோட பட்டறையைக் காலி பண்றப்ப அலமாரிக்குப் பின்னால கிடைச்சுதுக்கா. யாரோ ஒரு பொம்பளை, முதுகைக் காட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கா. ஒரு சான்றிதழ் எழுதிக் குடு. கண்காட்சிக்காரங்க நாளைக்கே வேணுங்கிறாங்க.”

“அவங்க அவசரப்பட்டா அது அப்பா படம் ஆயிடுமாடா? பாக்க வேண்டாமா?”

“தெரியுமே! உன்கிட்ட ஒரு கையெழுத்து வாங்க அப்பாவையே எழுப்பிக் கூட்டிட்டு வரணும் போலிருக்கு.” அவன் சிரித்தபடி குடையை எடுத்தான். “சட்டம் போடறவரைப் பாத்துட்டு ஆறு மணிக்கு வரேன்.”

அவன் சொன்னது மெய்தான். தந்தையின் பெயரால் சந்தைக்கு வரும் போலிகள் எண்ணிலடங்கா. அவற்றுக்கும் அசலுக்கும் நடுவே இருபதாண்டுகளாக அணையாய் நின்றது அவளுடைய சொல் ஒன்றே. அவள் எழுதும் சான்றிதழில் மூன்றே வரிகள் உண்டு. படத்தின் அளவு முதல் வரி. ‘இது ஓவியரின் கையே’ என்பது இரண்டாவது. மூன்றாவது, அவர் நேரில் கண்டு வரைந்தது என்பது. தம் கண்முன் இல்லாத எதையும் அவர் வரைந்ததில்லை. நினைவிலிருந்து ஓர் இலையைக்கூடத் தீட்டமாட்டார். உருவம் முழுதும் முடிந்தபின் கடைசியாகத்தான் கண்களை வைப்பார். “கண்ணு வெச்சுட்டா அது நம்மளப் பாக்க ஆரம்பிச்சுடும்மா. அப்புறம் கை ஓடாது” என்பார்.

வழக்கப்படி அளவெடுத்தாள். கைப்பேசியில் படம்பிடித்துக்கொண்டாள். தந்தையின் ரேகைகள் பதிந்த ஏட்டை விரித்து, உருப்பெருக்கிக் கண்ணாடியை ஏட்டுக்கும் கித்தானுக்குமாய் மாற்றி மாற்றி நகர்த்தினாள். சுழி சுழியாய் ஒத்துப்போயிற்று. கட்டைவிரலின் குறுக்கே உளி கிழித்த பழைய தழும்பும் இருந்தது.

அவர் கைதான். ஐயமில்லை.

கண்ணாடியை முன்புறத்துக்குக் கொண்டுவந்தாள். முதுகுகாட்டி அமர்ந்த பெண்ணின் தோளை வரைந்த கோடு நேராக ஓடவில்லை. நீர்மேல் விழுந்த நிழல்போல் நடுங்கி நடுங்கி இறங்கியது.

அந்த நடுக்கம் அவள் அறிந்தது. அவருடைய இறுதி மாதங்களின் கை அது. அந்தக் கையால் அவர் முடித்த படம் ஒன்றே ஒன்று; அது வேறு படம். அதை இதே அறைக்குத் தாமே சுமந்துவந்து, அவள் முதுகுக்குப் பின்னால், சன்னலோர நாற்காலியில் மூச்சு வாங்க அமர்ந்தார். கோணிய கோடுகளைக் கண்டாள் அவள். இப்படி ஒரு படம் வெளியே போனால் அவர் பெயர் என்னாகும் என்று அஞ்சினாள். சான்றிதழ்த் தாளை எடுத்து, ‘இது அவர் கை அன்று’ என்று எழுதினாள். திரும்பவில்லை.

“என் முகத்தைப் பாக்காமலே எழுதிட்டியேம்மா” என்றார் அவர். கோபமில்லாத குரல். அதற்குப்பின் அவர் தூரிகையைத் தொடவில்லை. நாற்பதாம் நாள் போய்ச் சேர்ந்தார்.

வெளியே மழை வலுத்தது. ஐந்துமணிக்கே பொழுது மங்கி, அறையின் மூலைகள் ஒவ்வொன்றாய் இருளில் கரைந்தன; கூரைக்குழாயில் நீர் இறங்கும் ஒலியும், கடிகாரத்தின் ஒலியும், அவ்விரண்டுக்கும் அடியில், சருகை யாரோ மெல்லத் தடவுவதுபோன்ற மூன்றாவது ஒலியும் கேட்டுக்கொண்டிருந்தன. எண்ணெய் மணம் கூடியிருந்தது. அது மேசையிலிருந்து வரவில்லை. பின்னாலிருந்து வந்தது.

படத்துப் பெண் சாம்பல்நிறச் சால்வை போர்த்தியிருந்தாள். ஓவியரின் மகள் அந்தச் சால்வையைப் போன மாதம்தான் வாங்கினாள்.

படத்தில் ஒரு மேசைவிளக்கு இருந்தது. அதன் கண்ணாடியில் ஒரு விரிசல். எதிரே எரியும் விளக்கிலும் அதே இடத்தில் அதே விரிசல்.

படத்துப் பெண்ணின் இடது சுட்டுவிரலில் ஒரு வெள்ளைப் பட்டை சுற்றியிருந்தது. காலையில் காய்கறி நறுக்கும்போது வெட்டிக்கொண்ட விரலை, கட்டோடு, ஓவியரின் மகள் தன் சால்வைக்குள் மறைத்துக்கொண்டாள்.

கைப்பேசியைத் திறந்து, முன்பு பிடித்த படத்தைப் பார்த்தாள். அதில் முடிச்சிட்ட கூந்தலும் பிடரியும் மட்டுமே தெரிந்தன. கித்தானைப் பார்த்தாள்.

தலை திரும்பியிருந்தது.

தோளுக்கு மேலாக, படம் பார்ப்பவரை நோக்கி. காதும் கன்னத்து விளிம்பும் முடிந்திருந்தன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் வண்ணம் இல்லை. முட்டை வடிவில் வெறும் கித்தான். காத்திருந்தது.

எந்த இடத்தில் அமர்ந்தால் இந்தக் கோணம் கிடைக்கும் என்று இருபதாண்டுப் பழக்கம் அவளைக் கேளாமலே கணக்கிட்டது. சன்னலோரம். நாற்காலியின் உயரம்.

அவள் திரும்பவில்லை. சிறுவயதில் கற்ற பதிகத்தை உதட்டுக்குள் சொன்னாள். மூன்றடி வந்தது. நான்காம் அடி வரவில்லை. மறுபடி தொடங்கினாள். வரவில்லை.

சான்றிதழ்த் தாளை இழுத்தாள். ‘இது அவர் கை’ என்று எழுதி நிறுத்தினாள். ‘அன்று’ என்று முடித்தால் எல்லாம் பொய்யாகிவிடும். தம்பி வருவான், விளக்கைப் போடுவான், சிரிப்பான். ஆனால் அந்தச் சொல்லை அவள் ஒருமுறை எழுதியாகிவிட்டது. அதன் விலையும் தெரியும். இன்னொருமுறை எழுதக் கை எழவில்லை.

‘கையே’ என்று முடித்தாள். அடுத்த வரி. ‘நேரில் கண்டு வரைந்தது.’ கையொப்பமிட்டாள்.

கடிகார ஒலி நின்றது. மழையும் எங்கோ தூரத்தில் பெய்தது.

பின்னால் நாற்காலி முனகியது.

“கொஞ்சம் இப்படித் திரும்பும்மா.”

அவள் கண்களை இறுக மூடிக்கொண்டாள். மூடியபடியே திரும்பினாள். தோளுக்கு மேலாக. அவ்வளவே.

தூரிகை கித்தானில் உராயும் ஒலி. நெற்றியின்மேல் குளிர் ஊர்ந்தது. பிறகு மூக்கின்மேல். உதடுகளின்மேல். பொறுமையாக. நடுங்கி நடுங்கி.

நின்றது.

முகத்தை மீண்டும் மேசைப்பக்கம் திருப்பிய பிறகே கண் திறந்தாள். படத்தில் முகம் முடிந்திருந்தது. அவளுடைய நெற்றி. அச்சத்தில் கோணிய அவளுடைய வாய். எல்லாம் ஈரமாய் மின்னின. புருவங்களுக்குக் கீழே மட்டும் இரண்டு வெற்றிடங்கள்.

கண்கள் பாக்கி.

வாசலில் யாரோ குடையை உதறினார்கள். “அக்கா, கதவைத் திற” என்றான் தம்பி. அவள் வாயைத் திறந்தாள். உதடுகள் ஒட்டியிருந்தன, ஆளிவிதை எண்ணெயும் வண்ணத்தின் ஈயமும் நாவில் கைத்தன.

காலணி தரையில் உரசியது. ஒருமுறை. இன்னொருமுறை. நாற்காலியிலிருந்து மேசைவரை எத்தனை அடி என்று அவளுக்குத் தெரியும். அவள் இமைகளை இறுக்கினாள்.

“கண்ணைத் திறம்மா” என்றது குரல், காதருகே.

ஈரமான தூரிகை மயிர்முனை அவள் இடது இமையைத் தொட்டு, மெல்ல மேலே தூக்கியது.