லோவுக்கும் ஹைக்கும் நடுவே

மூன்று டேங்குகளிலும் காற்றைத் திறந்துவிட்டு, டாஷ்போர்டில் இரண்டு முள்ளும் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் மெக்கானிக், சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்து லாரிக்கு அடியில் போனான். ஆனாலும் கியர் பாக்ஸின் மேலே இருக்கும் மூச்சுக்குழாயிலிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. ஒரே சீராக வந்திருந்தால், எங்கேயோ மிச்சம் மீதி அடைபட்டுக் கிடக்கிறது என்று விட்டிருப்பான். இது கொஞ்சம் வந்தது, நின்றது, பிறகு உள்ளே இழுத்தது, மறுபடியும் வந்தது. அந்தக் குழாய் காற்றை உள்ளே இழுத்து, இருபத்திரண்டு வருஷ வேலையில் அவன் கேட்டதில்லை. எச்சில் தொட்ட விரலை அதன் வாயில் வைத்தான். உடனே நின்றுவிட்டது.

விடுமுறை நாள். ஷெட்டில் வேறு ஆள் இல்லை. மத்தியான வெயிலில் தகரக் கூரை அங்கங்கே டொக் டொக்கென்று விரிந்துகொண்டிருந்தது. தெருவில் எப்போதாவது ஒரு ஸ்கூட்டர் போனது. பழைய எண்ணெயும் சூடான ரப்பரும் கலந்த, அவன் சட்டைக்கும் சாப்பாட்டுக்கும்கூட ஏறிவிட்ட அந்த வாசனை தரையோடு தரையாகக் கிடந்தது. வண்டி சாயங்காலம் லோடு ஏற்றப் போக வேண்டும் என்று டிரைவர் காலையில் கொண்டுவந்து விட்டுவிட்டு, வண்டிக்குக் காத்து கருப்பு அடித்திருக்கும் போல என்று சிரித்துவிட்டுத் தூங்கப் போய்விட்டார். மெக்கானிக் சிரிக்கவில்லை. வண்டிக்குப் புதுப் பெயின்ட் அடித்திருந்தார்கள், முதலாளியும் மாறியிருந்தார். ஆனால் எந்த வண்டி என்று அவனுக்கு வாசலில் நுழையும்போதே தெரிந்துவிட்டது.

கோளாறும் அதேதான். இந்த மாதிரி வண்டியில் கியர் பாக்ஸின் முன்பக்கப் பெட்டிக்குக் கையால் கியர் போட வேண்டும். அதற்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பெட்டியை லோவிலிருந்து ஹைக்கும், ஹையிலிருந்து லோவுக்கும் தள்ளுவது காற்று. கியர் ராடின் குமிழில் இருக்கும் சின்ன சுவிட்சை விரலால் தட்டினால், பின்னால் சிலிண்டருக்குள் பிஸ்டன் ஓடிப் போய் மாற்றிவிடும். காற்று கசிந்தால் பிஸ்டன் பாதி வழியில், இரண்டுக்கும் நடுவில் நின்றுவிடும். அப்படி நின்றுவிட்டால் கியர் போட்டு கிளட்சை விட்டாலும் வண்டி அசையாது. அசையாத வண்டியைப் பார்த்து நியூட்ரலில்தான் இருக்கிறது என்று நம்பியவன் தொலைந்தான்.

நம்பியவன் அவன்தான். தொலைந்தது அவன் மச்சான்.

போன வருஷம் இதே இடத்தில், இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, ராடைக் கியரிலேயே விட்டுவிட்டு, காற்று ஏறட்டும் என்று இவன் கீழே இறங்கித் தண்ணீர் குடிக்கப் போனான். அடியில் படுத்திருந்த மச்சான் கசிவைக் கண்டுபிடித்து இறுக்கிவிட்டார். வேலை சுத்தமாக முடிந்தது. காற்று ஏறியது, நடுவில் நின்ற பிஸ்டன் லோவுக்குப் போய் விழுந்தது, வண்டி ஒரே துள்ளலில் கட்டையின் மேலும் மச்சானின் மேலும் ஏறி இறங்கியது. சக்கரம் உருளாமல் இருக்க மச்சான் கட்டை வைத்துத்தான் அடியில் போயிருந்தார். ஆள் கூடுவதற்குள் இவன் செய்தது இரண்டே காரியம். ராடை நியூட்ரலுக்குத் தள்ளினான். கட்டையை எடுத்துக்கொண்டு போய்க் குப்பைக் குழியில் போட்டான். கட்டை வைக்காமல் அடியில் போன மனுஷன் என்று எல்லாரும் பேசிக்கொண்டார்கள்.

தங்கையும் அதை நம்பினாள். அதுதான் அவனை அரித்தது. இரண்டு பிள்ளைகளை நினைக்காமல் இப்படி அஜாக்கிரதையாகப் போய்ச் சேர்ந்த ஆளுக்குப் படம் ஒரு கேடா என்று, செத்துப்போன புருஷனின் படத்தைச் சுவரிலிருந்து இறக்கி அலமாரிக்குப் பின்னால் திருப்பி வைத்துவிட்டாள். இந்த ஷெட்டிலேயே ஸ்பேர் பார்ட்ஸ் அறையில் வேலைக்கு வந்தாள். அண்ணனுக்கு மூன்று வேளையும் அவள் வீட்டில்தான் சாப்பாடு. அவள் தட்டு வைக்கும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறப்பான். சொன்னால் இந்த உலகத்தில் அவனுக்கென்று இருக்கிற ஒரே உறவும் போய்விடும். வாயை மூடிக்கொண்டு சாப்பிடுவான்.

சிலிண்டரின் மூடியைக் கழற்றினான். பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரப்பர் வளையம், ஓ ரிங், கிழிந்திருக்கும், அப்பளம் மாதிரி நொறுங்கும் என்று எதிர்பார்த்தான். ரிங் புத்தம் புதிதாக இருந்தது. அதன் மேல் கிரீஸ், இப்போதுதான் பூசியது போல, மஞ்சளாக, ஈரமாக. ஒரு வருஷம் ஓடிய வண்டியில் அப்படி இருக்க வழியே இல்லை. கிரீஸில் ஓரமாக ஒரு கோடு போயிருந்தது. மிச்சத்தைச் சுண்டுவிரல் நகத்தால் வழித்தெடுக்கும் பழக்கம் இந்த ஷெட்டில் ஒரே ஆளுக்குத்தான் இருந்தது.

வழித்த இடத்தைத் துணியால் துடைத்தான், இரண்டு முறை துடைத்தான், வேறு ரிங்கைப் போட்டு மூடியை இறுக்கினான். அவசரத்தில் ஒரு போல்ட் நழுவி நெற்றியில் விழுந்தது. காற்றுக் குழாய்களை மாட்டிவிட்டு, ஷெட் கம்ப்ரஸரிலிருந்து டேங்குக்கு லைன் கொடுத்துவிட்டு வந்து மறுபடியும் படுத்தான். இன்ஜினை ஓடவிட அவனுக்குத் தைரியம் இல்லை. சாவி அவன் சட்டைப் பையில் இருந்தது.

இனி மேலே ஓர் ஆள் வேண்டும். கம்ப்ரஸர் இரைச்சலில் பேச்சு சரியாகக் கேட்காது என்பதால், அடியில் இருப்பவன் ஸ்பேனரால் வண்டியின் இரும்புச் சட்டத்தில் தட்டுவான். ஒரு தட்டு லோ, இரண்டு தட்டு ஹை. மேலே இருப்பவர் அதன்படி சுவிட்சைத் தட்ட வேண்டும். தங்கைக்கு இது தெரியும். வேலையைத் தொடங்குமுன்பே போன் பண்ணியபோது, வரேன் என்ற ஒரே வார்த்தையோடு வைத்துவிட்டாள். இப்போதெல்லாம் அவள் பேச்சு அவ்வளவுதான்.

கேபின் கதவு திறந்து மூடும் சத்தம் கேட்டது. சீட்டின் ஸ்பிரிங் கிறீச்சிட்டது.

"வந்துட்டியாம்மா? நான் தட்டத் தட்ட மாத்து, போதும்," என்று கத்தினான்.

ஒரு தட்டு தட்டினான். மேலே சுவிட்ச் சொடுக்கியது, காற்று புஸ்ஸென்று ஓடியது, பிஸ்டன் லோவில் போய் டக்கென்று உட்கார்ந்தது. இரண்டு தட்டு. ஹை. அவ்வளவு நேரம் அடக்கி வைத்திருந்த மூச்சை விட்டான். மறுபடியும் லோவுக்குத் தட்ட ஸ்பேனரை உயர்த்தினான்.

தட்டுவதற்கு முன்பே லோ விழுந்தது.

அவசரப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டான். ஸ்பேனரை இரண்டு முறை ஆட்டினான், சட்டத்தில் படாமல், வெறும் காற்றில். ஹை விழுந்தது. இரும்புத் தரைக்கு மேலே உட்கார்ந்திருப்பவளுக்கு அவன் கை எப்படித் தெரியும்? கம்ப்ரஸர் நிரம்பி நின்றுபோனது. ஷெட் முழுக்க அமைதி. அந்த அமைதியில் மூச்சுக்குழாய் மறுபடியும் மூச்சு விடத் தொடங்கியது. வந்தது. நின்றது. உள்ளே இழுத்தது. அதில் எண்ணெய் வாசனை இல்லை. கிராம்பு வாசனை. பல்வலிக்காக மச்சான் நாள் முழுக்க வாயில் அடக்கி வைத்திருக்கும் கிராம்பு.

மேலே கியர் ராடு அசைந்தது. கியர் விழுந்தது.

"கியர்ல போடாதம்மா. நியூட்ரல்லயே இருக்கட்டும்."

ராடு கியரிலிருந்து வெளியே வந்தது. மறுபடியும் உள்ளே போனது. வெளியே. உள்ளே. நிதானமாக, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது போல. அவளுக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தான். யாரோ சொல்லிவிட்டார்கள். அதனால்தான் பேசாமல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள், அதனால்தான் இதைச் செய்து காட்டுகிறாள். பயத்தைவிட வெட்கம் பெரிதாக வந்தது. ஒரு வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்தது தானாக வெளியே வந்தது.

"நான்தாம்மா. கியர்லயே விட்டுட்டு எறங்கினது நான்தான். உன் வீட்டுக்காரர் கட்டை வச்சிருந்தாரு. அதையும் நான்தான் எடுத்துப் போட்டேன். அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

ராடு நின்றது.

அவன் அழுதுகொண்டிருந்தான். சொல்லிவிட்டதில் நெஞ்சு லேசாகிப்போனது நிஜம். அவள் திட்டட்டும், காறித் துப்பட்டும், பிள்ளைகளின் முகத்தைக்கூடப் பார்க்கவிடாமல் துரத்தட்டும் என்று காத்திருந்தான்.

வாசல் பக்கம் இரும்புக் கதவு திறந்தது.

"அண்ணா, எங்க இருக்க? பஸ்ஸே கிடைக்கல, பாதி தூரம் நடந்துதான் வந்தேன்."

தங்கையின் குரல். வாசலிலிருந்து.

தலையைப் பக்கவாட்டில் திருப்பினான். சக்கரங்களுக்கு நடுவே வெயில் பட்ட தரை தெரிந்தது. தூசி படிந்த அவளுடைய நீலச் செருப்பு அதில் நடந்து வந்தது. வராதே என்று கத்த வாயைத் திறந்தான்.

மேலே கேபின் கதவு திறந்தது.

சீட்டு கிறீச்சிட்டது. படியில் ஒரு கால். பிறகு இன்னொன்று. செருப்பில்லாத கால்கள், கணுக்கால் வரை கரிய எண்ணெய். தரையில் இறங்கின. இடது பாதம் நேராக இருந்தது. வலது பாதத்தில் குதிகால் முன்பக்கம் இருந்தது.

நீலச் செருப்பு நின்றுவிட்டது.

அவள் கத்தவில்லை. ஓடவுமில்லை. பிறகு செருப்பு மெல்ல முன்னால் வந்தது. அந்தக் கால்களுக்கு எதிரே, வீட்டு வாசலில் புருஷனிடம் பேச நிற்பது போல, நெருங்கி நின்றது.

"ம்," என்றாள்.

யாரும் பேசும் சத்தம் அவனுக்குக் கேட்கவில்லை. அவள் குரல் மட்டும்தான் கேட்டது.

"ம்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "ம்."

ஒவ்வொன்றாகச் சொல்லக் கேட்கிறாள். எல்லாவற்றையும் கேட்கிறாள். நடுவில் ஒரு முறை விசும்பினாள். அந்தக் கரிய கால் ஒன்று அவளை நோக்கி அரை அடி நகர்ந்தது.

கடைசியாக அவள் கூப்பிட்டாள். கோபம் இல்லாத குரல். சாப்பிடக் கூப்பிடும் குரல்.

"வெளிய வா அண்ணா. அவரு உன்கிட்ட பேசணுமாம்."

அவன் அசையவில்லை.

நான்கு பாதங்களும் ஒன்றாக அவன் பக்கம் திரும்பின.

முதலில் அவளுடைய முழங்கால் தரையில் ஊன்றியது. பிறகு, அவள் தோளைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக, அதற்குப் பக்கத்தில் இன்னொரு முழங்கால்.